கிரவுண்ட் பேலன்ஸ்: மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன் மண்ணைப் பற்றிக் கொஞ்சம்

புது மெட்டல் டிடெக்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு நாணயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காயிலுக்கு, அதாவது மெஷினின் தலையில் இருக்கும் வட்டத் தட்டுக்கு, முன்னால் ஆட்டிப் பார்ப்பார்கள். 25 செ.மீ. தள்ளிப் பிடித்தாலும் மெஷின் ‘டிங்’ என்கிறது. மனசு நிறைந்துவிடுகிறது. மறுநாள் அதே நாணயத்தை மண்ணில் 10 செ.மீ. ஆழத்தில் புதைத்துவிட்டு மேலே காயிலை ஓட்டிப் பார்த்தால் சத்தமே வருவதில்லை. அப்படி இல்லையென்றால், காயில் தரையை நெருங்கியதுமே மெஷின் ஓயாமல் கத்துகிறது. அந்தக் கூச்சலில் நாணயம் எது, மண் எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. மீதி 15 செ.மீ. எங்கே போயிற்று?

மண் தின்றுவிட்டது. அதைத் திரும்பப் பிடுங்குவதற்கான வசதிக்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். முழுவதையும் பிடுங்க முடியாது, ஆனால் கணிசமான பங்கை மீட்டுவிடலாம். விளம்பரங்களில் இத்தனை அடி ஆழம், இத்தனை வகைச் சத்தம், இத்தனை அங்குலத் திரை என்று எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். இது மட்டும் கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடக்கும். வாங்குவதற்கு முன்னால் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மண்ணுக்கு ஏன் சத்தம்?

மெட்டல் டிடெக்டரின் தலையில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்புவது, இன்னொன்று கேட்பது. அனுப்பும் சுருளில் மின்னோட்டம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி ஓடுகிறது. அதனால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்று துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகத் துண்டு வந்தால் அதற்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தங்கள் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைத்தான் கேட்கும் சுருள் பிடிக்கிறது. அனுப்பும் சுருளின் இரைச்சல் நேரடியாகக் காதில் விழாதபடி இரண்டு சுருள்களையும் ஒன்றை ஒன்று ரத்து செய்யும் விதத்தில் பொருத்தி வைத்திருப்பார்கள். அதாவது, சுற்றிலும் ஒன்றுமில்லை என்றால் கேட்கும் சுருளில் ஏறக்குறைய முழு அமைதி.

மண் இந்த அமைதியைக் கலைத்துவிடுகிறது. பெரும்பாலான மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் ஏதோ ஓர் அளவில் கலந்திருக்கும். மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற கனிமங்கள் உலோகம்போல மின்சாரத்தை ஓடவிடுபவை அல்ல. ஆனால் காந்தப்புலத்தைத் தம் பக்கம் இழுத்து வளைப்பவை. புலம் வளைந்தால் சுருள்களுக்கிடையே இருந்த சமநிலை போய்விடும். கேட்கும் சுருளைப் பொறுத்தவரை அங்கே ஏதோ வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாணயம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பொருள். மண்ணோ காயிலுக்குக் கீழே எல்லாப் பக்கமும் பரவிக் கிடக்கிறது. அதுவும் காயிலை ஒட்டினாற்போல. இதில் தூரத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. காயிலின் அளவோடு ஒப்பிடத் தூரம் அதிகமாகும்போது, தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். நாணயத்திலிருந்து கிளம்பும் பதிலும் அதே வழியில் மேலே வர வேண்டும்; அங்கேயும் எட்டில் ஒன்று. எட்டெட்டு அறுபத்து நான்கு. ஆழம் இரண்டு மடங்கானால் நாணயத்தின் குரல் 64-ல் ஒரு பங்கு. அதற்கும் காயிலுக்கும் நடுவே மண் காதருகில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. கனிமம் மிகுந்த மண்ணில் மண்ணின் குரல் நாணயத்தின் குரலைப்போலப் பல மடங்கு இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இந்தத் தொல்லை உலோகம் தேடும் கருவி பிறந்தபோதே கூடப் பிறந்தது என்றும் சொல்லலாம். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசிக்காக நாம் அறிந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், சுருள்களைச் சமன்செய்து வைத்த ஒரு கருவியை எடுத்துக்கொண்டு போனார். சோதனைகளில் அது ஒழுங்காக வேலை செய்தது. அதிபரின் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது மட்டும் பரந்த இடத்தில் தெளிவில்லாத சத்தம். பிறகுதான் தெரிந்தது, மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது. மருத்துவர் உடம்பின் வலப்பக்கத்தில் மட்டும் தேடச் சொன்னதும், குண்டு இடப்பக்கம் இருந்ததும் தனிக் கதை. தேடும் பொருளைச் சுற்றி இருப்பதும் பேசும் என்று அந்தக் கம்பி மெத்தை அன்றைக்கே காட்டிவிட்டது. நமக்கு மண்தான் அந்த மெத்தை.

சமன்செய்வது என்றால் என்ன?

பலர் இதை டிஜிட்டல் தராசோடு ஒப்பிடுவார்கள். காலிப் பாத்திரத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் தராசு பூஜ்யம் காட்டும். பிறகு கொட்டுவதன் எடை மட்டும் தெரியும். கேட்க நன்றாக இருக்கும் ஒப்புமைதான். ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பாத்திரத்தின் எடை மாறாது. மண்ணின் குரலோ காயிலைக் கொஞ்சம் தூக்கினால் குறைகிறது, இறக்கினால் கூடுகிறது. நடந்துகொண்டே இடமும் வலமுமாக வீசும்போது காயில் ஒரே உயரத்தில் நிற்காது. ஆக, ‘இவ்வளவு’ என்று ஓர் அளவைக் கழித்துவிட்டால் அடுத்த வீச்சிலேயே கணக்குத் தப்பிவிடும்.

மெஷின் கழிப்பது அளவை அல்ல, வகையை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நடுவில் புள்ளி வையுங்கள். மேல்நோக்கி ஓர் அம்பு: அது புலத்தை இழுத்து வளைக்கும் காந்தத் தன்மை. வலப்பக்கம் ஓர் அம்பு: அது மின்சாரத்தைக் கடத்தும் தன்மை. காயிலுக்கு வரும் எந்தப் பதிலும் இந்தத் தாளில் ஏதோ ஒரு திசையில், ஏதோ ஒரு நீளத்தில் ஓர் அம்பாக விழும். மேக்னடைட் நிறைந்த மண் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். கடல்நீர் ஊறிய மணல் வலப்பக்கம் படுத்திருக்கும். வெள்ளி, செம்பு நாணயங்கள் வலப்பக்கத்தையும் தாண்டிக் கீழ்நோக்கிச் சாயும். பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்துத்தான் மெஷின் இந்தத் திசையை அறிகிறது. கட்டம் (ஃபேஸ்) என்று இயற்பியலில் சொல்வது இதைத்தான்.

இப்போது காயிலைத் தூக்குங்கள். மண்ணின் அம்பு குட்டையாகும். இறக்குங்கள், நீளும். திசை மட்டும் மாறாது. கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது அந்தத் திசையை மெஷினுக்குக் காட்டிக்கொடுப்பதுதான். ‘இந்தத் திசையில் எது வந்தாலும், நீளம் எவ்வளவாக இருந்தாலும், கண்டுகொள்ளாதே.’ திசை சரியாகக் காட்டப்பட்டிருந்தால் காயில் ஏறினாலும் இறங்கினாலும் அமைதி. நாணயத்தின் அம்பு வேறு திசையில் நிற்பதால் அது மண்ணோடு சேர்ந்து வந்தாலும் மெஷினை அந்தப் பக்கம் இழுத்துவிடும். உடனே சத்தம்.

பம்ப் செய்வது என்று டிடெக்டர்காரர்கள் சொல்லும் வேலையின் அர்த்தமும் இதில் அடங்கியிருக்கிறது. காயிலைத் தரையிலிருந்து 20, 30 செ.மீ. தூக்கி, இரண்டு மூன்று செ.மீ. வரை இறக்கி, மறுபடி தூக்கி, மறுபடி இறக்குவார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு ஏதோ மந்திரம் போடுவதுபோல இருக்கும். திசையைத் தொடாமல் நீளத்தை மட்டும் மாற்றிக் காட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

திரையில் வரும் எண்

மண்ணைப் பிடித்து முடித்ததும் பல மெஷின்கள் ஓர் எண்ணைக் காட்டும். பெரும்பாலும் 0-லிருந்து 99 வரையிலோ 90 வரையிலோ இருக்கும். மேலே சொன்ன அம்பின் திசைதான் அந்த எண். பரவலாகப் புழங்கும் ஓர் அளவுகோலில் உப்புநீர் ஊறிய மணல் 0–10 பக்கம் வரும். சிவப்பு, மஞ்சள், பழுப்புக் களிமண்கள் 40–75-க்குள் வரும். மேக்னடைட் கலந்த கருமணல் 75-க்கு மேலே 90-ஐத் தாண்டியும் போகும். கம்பெனிக்குக் கம்பெனி அளவுகோல் மாறும் என்பதால் ஒரு மெஷினின் 82-ஐ இன்னொரு மெஷினின் 82-ஓடு ஒப்பிடுவதில் பயனில்லை.

புதியவர்கள் அநேகமாக எல்லோரும் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். நானும் செய்தேன். எண் பெரிதாக இருந்தால் மண் மோசம் என்று நினைத்துக்கொள்வது. எண் சொல்வது வகையை. எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 85 காட்டும் மண்ணில் மேக்னடைட் ஒரு சிட்டிகை இருக்கலாம், வண்டி வண்டியாகவும் இருக்கலாம். அளவைச் சொல்வதற்கு நல்ல மெஷின்களில் தனியாக ஒரு பட்டை இருக்கும். சிலவற்றில் மேக்னடைட்டின் வேதிச் சூத்திரத்தையே அந்தப் பட்டைக்குப் பெயராகப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை நிரம்பினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ஆழம் குறையும், கிடைத்தது என்ன பொருள் என்று திரையில் காட்டும் அடையாள எண் சின்னப் பொருள்களுக்குத் தாறுமாறாக ஓடும், நாணயத்தைக்கூட இரும்பு என்று மெஷின் சொல்லும்.

நான்கு வகை, நான்கு விதமான தலைவலி

வாங்கப்போகும் மெஷினில் கிரவுண்ட் பேலன்ஸ் எப்படித் தரப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

முதலாவது, கம்பெனியிலேயே நிலையாக வைத்து அனுப்புவது. சராசரி மண்ணுக்கு ஏற்றதாக ஒரு திசையைத் தேர்ந்து பூட்டிவிடுவார்கள். நீங்கள் தொட முடியாது. காரெட் கம்பெனியின் ஏஸ் வரிசையில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. ஆன் செய்தால் போதும், வீச ஆரம்பிக்கலாம். கனிமம் குறைந்த தோட்டம், புல்வெளி, பூங்கா, காய்ந்த மணல் இவற்றில் தேடுகிறவருக்கு இது போதும். குழந்தைகளுக்கு வாங்கிக்கொடுக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் மண் அந்தச் சராசரியிலிருந்து விலகிவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரே ஆயுதம்: சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் காதுக் கூர்மையை, குறைப்பது. கத்தல் நிற்கும். ஆழமும் அதோடு போய்விடும். என் முதல் மெஷின் இந்த வகை. செம்மண் மேட்டில் அதைச் சாந்தப்படுத்தச் சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கடைசியில் மேலாகக் கிடந்த பாட்டில் மூடிகள் மட்டும்தான் அதன் கண்ணில் பட்டன.

இரண்டாவது, ஆட்டோ. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை பம்ப் செய்தால் மெஷின் தானே திசையைக் கண்டுபிடித்து எண்ணைக் காட்டிப் பூட்டிக்கொள்ளும். பத்து வினாடி வேலை. ஆரம்பிப்பவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஒரே ஒரு நிபந்தனை: பம்ப் செய்யும் இடத்துக்கு அடியில் உலோகம் இருக்கக் கூடாது. துருப்பிடித்த ஆணி ஒன்று அடியில் இருந்தாலும் மெஷின் அதன் திசையையும் சேர்த்து மண் என்று கற்றுக்கொள்ளும். அதனால் முதலில் காயிலைப் பக்கவாட்டில் வீசிச் சுத்தமான இடம் என்று உறுதி செய்துகொண்டு பம்ப் செய்யுங்கள். பிறகு இரண்டு எட்டுத் தள்ளி இன்னொரு முறை. எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தால் நம்பலாம். 78, 80, 79 என்று வந்தால் அது மண். 78, 80, 41 என்று வந்தால் மூன்றாவது இடத்தைத் தோண்டிப் பார்ப்பதே நல்லது.

மூன்றாவது, மேனுவல். எண்ணை நீங்களே ஏற்றி இறக்குவது. இதில் காதுதான் கருவி. காயிலை இறக்கும்போது சத்தம் ஓங்கினால் சமநிலை ‘பாசிட்டிவ்’ பக்கம் இருக்கிறது. இறக்கும்போது அமுங்கி, தூக்கும்போது ஓங்கினால் ‘நெகட்டிவ்’ பக்கம் போய்விட்டது. இரண்டு பக்கமும் சத்தம் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எந்தப் பொத்தானை எந்தப் பக்கம் அழுத்துவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுபவஸ்தர்கள் பலர் நடுவில் நிறுத்தாமல் ஒரு மயிரிழை பாசிட்டிவ் பக்கம் வைப்பார்கள். நெகட்டிவ் பக்கம் சாய்ந்தால் மெல்லிய பதில்களை மண் விழுங்கிவிடும் என்பது காரணம். காயில் தரையைத் தொடும்போது லேசாக ஒரு முனகல் கேட்டால் பரவாயில்லை. தரைக்கு மேல் காயில் எவ்வளவு உயரத்தில் போகிறது என்றும் அந்த முனகலே சொல்லிக்கொண்டிருக்கும்.

நான்காவது, டிராக்கிங். நீங்கள் நடக்க நடக்க மெஷின் மண்ணைக் கவனித்துத் தானாகத் திசையைத் திருத்திக்கொண்டே வரும். மண் பத்தடிக்கொருமுறை மாறும் இடங்களில் இது பெரிய உதவி. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. மெல்லிய பதில் ஒன்று கிடைக்கிறது. உறுதி செய்துகொள்ள அதே இடத்தில் பத்து முறை முன்னும் பின்னும் வீசுகிறீர்கள். மெஷின் என்ன நினைக்கிறது? ‘திரும்பத் திரும்ப வருகிறதே, இதுவும் மண்தான் போல.’ பதினோராவது வீச்சில் பதில் மங்கிவிடும். நீங்களும் ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுவீர்கள். டிராக்கிங் இருக்கும் மெஷின் வாங்கினால் அதை ஒரே விரலில் நிறுத்திப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்ற மெஷின்களில் ஆட்டோ, மேனுவல், டிராக்கிங் மூன்றும் உண்டு.

ஆட்டோவும் மேனுவலும் சேர்ந்திருந்தால் மெஷினைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு காதால் ஒன்றிரண்டு எண் நகர்த்திக்கொள்ளலாம். டிராக்கிங் இல்லையென்று நான் எந்த மெஷினையும் ஒதுக்க மாட்டேன். கையால் திருத்தும் வழியே இல்லையென்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

கடற்கரை என்ற தனி உலகம்

காய்ந்த மணலில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அலை நனைக்கும் இடத்துக்குப் போனதும் கதை மாறுகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதன் அம்பு தாளில் வலப்பக்கம் படுத்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? கருமணலும் சேர்ந்திருந்தால் ஒரே இடத்தில் இரண்டு மண்கள் பேசுகின்றன. ஒன்று மேலே, ஒன்று வலப்பக்கம். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் மெஷினால் ஒரு திசையைத்தான் ஒதுக்க முடியும். உப்புக்குச் சமன்செய்தால் கருமணல் கத்தும். கருமணலுக்குச் செய்தால் உப்பு. போதாக்குறைக்கு, மெல்லிய தங்கச் சங்கிலி, அலுமினியத் தாள் இவற்றின் அம்பும் உப்பின் அம்பை ஒட்டியே விழும். உப்பை வாயடைத்தால் அவற்றின் வாயும் சேர்ந்து அடைபடும். கடற்கரையில் சங்கிலியைத் தொலைத்தவர்கள் தொலைத்தவர்களாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் மெஷின்கள் இந்தச் சிக்கலுக்காகவே வந்தவை. வெவ்வேறு அதிர்வெண்ணில் உப்பும் இரும்புக் கனிமமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால் இரண்டையும் சேர்த்து ஒதுக்க அவற்றுக்கு வழி கிடைக்கிறது. ஈர மணலில்தான் பெரும்பாலும் தேடப்போகிறீர்கள் என்றால் மற்ற எல்லா வசதிகளையும் விட்டுக்கொடுத்தாவது மல்ட்டி ஃபிரீக்வென்சி மெஷின் வாங்குங்கள். மைன்லேப் வான்க்விஷ் வரிசையில் மேனுவல் கிரவுண்ட் பேலன்ஸே கிடையாது. ஆனாலும் பல அதிர்வெண் என்பதால் ஈர மணலில், நிலையாகப் பூட்டிய ஒற்றை அதிர்வெண் மெஷினைவிட அடக்கமாக நடந்துகொள்ளும். மேலே சொன்ன என் விதிக்கு இது ஒரு விலக்கு.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்றொரு வகையும் உண்டு. அது தொடர்ந்து அனுப்பாமல் ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, ஒரு கணம் பொறுத்துப் பிறகு கேட்கும். அந்த இடைவெளிக்குள் மண்ணின் பதில் பெரும்பகுதி அடங்கிவிடும். கனிமம் கொழுத்த இடங்களில் தங்கம் தேடுகிறவர்கள் இதை விரும்புவார்கள். சில வகை மண் பொறுத்த பிறகும் முனகிக்கொண்டிருக்கும் என்பதால் தங்க வேட்டைக்கான பல்ஸ் மெஷின்களிலும் கிரவுண்ட் பேலன்ஸ் உண்டு. இரும்பைப் பிரித்துச் சொல்வதில் இவை பலவீனம். ஆணி நிறைந்த பழைய வீட்டு மனையில் இதைக் கொண்டு தேடினால் முதுகு போய்விடும்.

அதிர்வெண் பற்றிச் சுருக்கமாக: அதிர்வெண் கூடக்கூடச் சின்னத் தங்கத் துணுக்குகள் நன்றாகக் கேட்கும், கூடவே மண்ணின் தொல்லையும் கூடும். மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 மெஷினின் 45 கிலோஹெர்ட்ஸும் ஃபிஷர் கோல்டு பக் 2 மெஷினின் 71 கிலோஹெர்ட்ஸும் பொடித் தங்கத்துக்கானவை. நாணயம் தேடுகிறவருக்கு அவ்வளவு வேண்டாம்.

உங்கள் மண் எந்த மண்?

இது தெரியாமல் மெஷினைத் தேர்ந்தெடுப்பது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுதான். தெரிந்துகொள்ள ஒரு காந்தம் போதும். பலமான காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, காய்ந்த மண்ணில் ஐந்தாறு முறை இழுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் பையின் மேல் கறுப்புத் துகள்கள் மீசைபோலச் சிலிர்த்து நிற்கும். பையை உள்பக்கமாகத் திருப்பிக் காந்தத்தை விலக்கினால் துகள்கள் கொட்டிவிடும், காந்தம் அழுக்காகாது. நாலைந்து துகள்தான் என்றால் மென்மையான மண். அடர்த்தியாகத் தாடிபோல ஒட்டினால் நிலையாகப் பூட்டிய மெஷினை மறந்துவிடுங்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம். மண்ணுக்குச் சிவப்பு தருவது பெரும்பாலும் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அது பலவீனமான காந்தத் தன்மை உடையது. ரத்தச் சிவப்பாக இருக்கும் மண் சாதுவாக இருக்கலாம். சாம்பல் நிற ஆற்று மணல் கருமணல் கலந்து மெஷினைப் பைத்தியமாக்கலாம். செம்மண்ணிலும் மேக்ஹமைட் கலந்திருந்தால் பாடுதான்.

நெருப்பு பட்ட மண்ணையும் கவனியுங்கள். அடுப்பு எரிந்த இடம், குப்பை கொளுத்திய இடம், பழைய சூளை இவற்றில் சூட்டினால் சாதாரண இரும்புக் கனிமங்கள் மேக்னடைட், மேக்ஹமைட் ஆக மாறிக் காந்தத் தன்மை ஏறிவிடுகிறது. மனிதர்கள் நெடுநாள் வாழ்ந்த இடம் என்றால் நெருப்பு எரிந்திருக்கும். பொருள்கள் கிடைக்க வாய்ப்புள்ள இடமும் அதுவே. ஆக, தேடுவதற்கு நல்ல இடங்களே மெஷினுக்குக் கெட்ட இடங்களாக அமைவது அடிக்கடி நடக்கும்.

சில கற்களும் ஏமாற்றும். சுற்றியுள்ள மண்ணுக்குச் சமன்செய்திருப்பீர்கள். அந்த மண்ணிலிருந்து வேறுபட்ட கனிமம் கொண்ட கல் ஒன்று நடுவில் கிடக்கும். மெஷினுக்கு அது அந்நியம். உலோகம் என்று சொல்லும். ஹாட் ராக் என்பார்கள். ஒருமுறை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி உள்ளங்கை அளவு கறுத்த கல் ஒன்றை எடுத்திருக்கிறேன். இன்னும் வைத்திருக்கிறேன், புது மெஷின்களைச் சோதிக்க.

கிரவுண்ட் பேலன்ஸ் செய்யாத வேலைகள்

இதை டிஸ்கிரிமினேஷனோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. டிஸ்கிரிமினேஷன், உலோகங்களுக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது. கிரவுண்ட் பேலன்ஸ், உலோகத்தையும் மண்ணையும் பிரிப்பது. மண் கத்தும்போது டிஸ்கிரிமினேஷனை ஏற்றி அடக்கினால் கத்தல் நிற்கும். கூடவே உங்களுக்கு வேண்டிய சின்னப் பொருள்களும் நின்றுவிடும்.

சமன்செய்த பிறகும் மெஷின் படபடத்தால் அடுத்துச் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள். முழுதாக ஏற்றி வைத்துக் கத்தும் மெஷினைவிட, இரண்டு படி குறைத்து அமைதியாக இருக்கும் மெஷின் அதிக ஆழம் பார்க்கும். காயிலும் முக்கியம். டிடி என்ற வகைக் காயில், இரண்டு சுருள்களும் நடுவில் கத்தி முனைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது. அது ஒரு சமயத்தில் குறைந்த மண்ணையே பார்க்கும். கனிம மண்ணில் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும் கான்சென்ட்ரிக் காயிலைவிட அது அமைதி. அதேபோல் சின்னக் காயில் சின்ன அளவு மண்ணைத்தான் கேட்கும். மோசமான மண்ணில் பெரிய காயிலை மாட்டினால் ஆழம் கூடாது, மண்தான் கூடும்.

வீச்சின் இரு முனைகளிலும் காயிலை ஊஞ்சல்போல மேலே தூக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் அரைகுறை பம்ப் ஆகிவிடுகிறது. முனைகளில் மட்டும் கேட்கும் பொய்ச் சத்தங்களில் பாதி இதனால் வருவது. மண் மாறும்போது, ஈரம் கூடும்போது, காயிலையோ அதிர்வெண்ணையோ மாற்றும்போது மறுபடி சமன்செய்யுங்கள். சத்தம் காரணமில்லாமல் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான்.

வாங்கும்போது மெஷினை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் நாணயத்தோடு நிற்காதீர்கள். சுட்ட செங்கல் ஒன்றைக் கொண்டுபோங்கள். சூளையில் வெந்த களிமண் என்பதால் அதில் காந்தக் கனிமம் இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மோசமான மண் அது. மேசையில் ஆணி, இரும்புச் சட்டம் எதுவும் இல்லாதபடி பார்த்து, மெஷினைக் கிடையாகப் படுக்க வைத்து, செங்கல்லைக் காயிலுக்கு அருகே முன்னும் பின்னும் கொண்டுபோய் வாருங்கள். இங்கே பம்ப் செய்வது செங்கல்தான். கிரவுண்ட் பேலன்ஸைப் பிடிக்கச் சொல்லுங்கள். செங்கல் வந்து போவது மெஷினுக்குத் தெரியாமல் போக வேண்டும். போகவில்லையென்றால் மேனுவலில் நகர்த்திப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் அந்த மெஷின் எவ்வளவு தூரம்தான் நகரும் என்பது தெரிந்துவிடும். அடங்கிய பிறகு நாணயத்தைச் செங்கல்லின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அதே செங்கல்லை அதேபோல ஆட்டுங்கள். இப்போது ‘டிங்’ கேட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லலாம்.